அறுபத்து மூன்று கையெழுத்து

மார்ச் 3

இன்று சங்கத்தில் பொதுக்குழு. பொதுக்குழு என்று பெயர்தான் பெரிது. மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நான் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன், யாராவது இரண்டு பேர் பதில் சொல்வார்கள். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது யார்தான் காலை மெஷினிலிருந்து எடுப்பார்கள்?

மேலக்கரிசல் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் என்னையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர். பத்து வருடமாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறோம். நான் செயலாளர். ஜூனிலிருந்து அந்த வேலையை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குத் தூக்கிக் கொடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கொடுத்துவிட்டால் கொட்டகையைப் பூட்டிச் சாவியை வீட்டில் மாட்ட வேண்டியதுதான்.

தேர்தல் வருகிறது. எல்லா வேட்பாளர்களையும் பார்த்து, சீருடை வேலை கூட்டுறவுச் சங்கங்களுக்கே என்று வாக்குறுதி வாங்குவது என முடிவு. யாரையும் ஆதரிக்கக் கூடாது என்பதும் முடிவு. எங்களோடு தைக்கும் ஜெபமணியின் வீட்டுக்காரர் இப்போதைய எம்.எல்.ஏ.வின் கட்சியில் கிளைச் செயலாளர். பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் இருக்கும் இசக்கியம்மாளின் தம்பி எதிர்க்கட்சி. சங்கத்துக்குள் கட்சி வந்தால் கொட்டகை இரண்டாகிவிடும். இசக்கி சொன்னாள்: "எல்லாப்பேரு வாசல்லயும் நிப்போம் மதினி. ஒருத்தன் வீட்டுக்குள்ளயும் போவக் கூடாது."

வழக்கம்போல் தீர்மானப் புத்தகம் மெஷினுக்கு மெஷின் போய்வந்தது. வெற்றுப் பக்கத்தின் அடியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலே தீர்மானத்தை நான் வீட்டில் வந்து நிதானமாக எழுதுவேன். அடுத்த கூட்டத்துக்கும் சேர்த்து இன்னொரு பக்கத்திலும் வாங்கிக்கொண்டேன். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் நடக்கிறது, ஒருத்தியும் ஏன் என்று கேட்டதில்லை.

மார்ச் 9

எம்.எல்.ஏ. அழகுசுந்தரத்தின் அலுவலகம். நான், ஜெபமணி, இசக்கி. ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்ல ஆளில்லை. மனுவை வாங்கினார், படிக்காமலே உதவியாளர் கையில் கொடுத்தார், "பாக்கலாம்மா" என்றார். அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லை எத்தனை மனுவுக்குச் சொல்லியிருப்பாரோ.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம். ஜெபமணிக்கு அதெல்லாம் இல்லை. மனு உள்ளே போய்விட்டதே, அது போதும் என்றாள்.

மார்ச் 12

சுயேச்சை வேட்பாளர் ஒருவரைப் பார்த்தோம். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் தன்னிடம் மனு கொடுத்ததில்லையாம். சீருடை வேலை மட்டுமல்ல, பள்ளிக்கூட நாற்காலி மேஜைக்கு உறை தைக்கும் வேலையும் எங்களுக்கே என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இசக்கி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 15

எதிர்க்கட்சி வேட்பாளர் தங்கப்பழம். உரக்கடை வைத்திருப்பவர். போனதுமே நாற்காலி, ஹார்லிக்ஸ். மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பேனாவால் இரண்டு இடத்தில் கோடு போட்டார். கம்பெனிக்காரனுக்கும் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அங்கே முதலாளி ஒருத்தர், இங்கே அறுபத்து மூன்று பேரும் முதலாளி, ஆளுக்கு ஓர் ஓட்டு என்றேன். "நல்லா பேசுதீய தங்கச்சி" என்றார்.

மற்ற இருவரும் வெளியே செருப்புப் போடும்போது, உங்களை மாதிரி ஆள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வேண்டும் என்று ஏதோ சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மார்ச் 16

தலைவலி. கடைவீதிக்குப் போனவள் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டுமே.

மார்ச் 20

நேற்று சாயங்காலம் தங்கப்பழத்தின் கூட்டம். கூட்டுறவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். சங்கத்தின் கோரிக்கையைத்தானே சொல்லப் போகிறேன், அதில் என்ன தப்பு என்று போனேன். மேடையில் நாலாவது நாற்காலி. பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். பத்து வருடமாக மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தியவளுக்கு மைக்கில் தன் குரல் கேட்பது நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இன்று கொட்டகையில் இசக்கி, வீட்டுக்குள்ளேயே போய்விட்டீர்களோ என்று கேட்டாள். மேடை வீடாகுமா என்றேன். அவள் காஜா போடத் திரும்பிவிட்டாள்.

மார்ச் 24

தங்கப்பழத்தின் தேர்தல் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் கோரிக்கையைக் கட்சியின் அறிக்கையில் சேர்க்க முயற்சி செய்கிறாராம். அதற்குச் சங்கத்தின் தீர்மானம் ஒன்று வேண்டும், "ஆதரவு" என்று ஒரு வரி இருந்தால் மேலிடத்தில் எடுபடும் என்றார். வெளியே போகாது, கோப்புக் கட்டுக்குள்ளேயே இருக்கும் என்றார். உறுப்பினர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வந்தேன். அவர் வாசல்வரை வந்து, எந்த வார்டு உங்களுக்குத் தோது என்று கேட்டார்.

மார்ச் 25

வீட்டைக் கழுவினேன். மிளகாய் காயப்போட்டேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 30

கட்சியின் தேர்தல் அறிக்கை வந்துவிட்டது. வரி வரியாக இரண்டு முறை படித்தேன். தையல், சீருடை, கூட்டுறவு என்று ஒரு சொல் கிடையாது. தங்கப்பழம் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். மாநில அறிக்கையில் இடமில்லையாம், தொகுதி அளவில் பார்த்துக்கொள்வாராம். அவர் பக்கத்தில் செண்டை மேளம், பாதி கேட்கவில்லை.

ஏப்ரல் 2

காலையில் கொட்டகைக்குள் நுழைந்தபோது ஒரு மெஷினும் ஓடவில்லை. கையில் ஆளுக்கொரு நோட்டீஸ். "தையல் சகோதரிகளின் பேராதரவு தங்கப்பழத்துக்கே" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே எங்கள் தீர்மானப் புத்தகத்தின் பக்கம், அப்படியே போட்டோ பிடித்துப் போட்டிருந்தார்கள். அறுபத்து மூன்று கையெழுத்தும் தெளிவாக இருந்தன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இது போலி. நம்ம பக்கத்த எடுத்து என்னமோ பண்ணிட்டானுவ" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் போய் மெஷினில் உட்கார்ந்தார்கள்.

அச்சடிப்பார்கள் என்று யார் கண்டது? வெளியே போகாது என்று சொன்னாரே.

ஏப்ரல் 3

ஜெபமணி வரவில்லை. எம்.எல்.ஏ. கட்சியின் கிளைச் செயலாளர் பெண்டாட்டி எதிராளிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று டீக்கடையில் வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். மனுஷன் வீட்டுக்கு வந்து அவள் துணிமணியை வாசலில் வீசியிருக்கிறான். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அவள் மெஷினில் பாதி தைத்த பாவாடை ஊசியோடு கிடந்தது. நான்தான் எடுத்துத் தைத்து முடித்தேன்.

ஏப்ரல் 5

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் பொய் எழுதினால் நான் என்ன ஜென்மம்?

மார்ச் 25 அன்று மிளகாய் காயப்போட்டது உண்மை. அது காய்ந்துகொண்டிருக்கும்போது தீர்மானப் புத்தகத்தை எடுத்து, கையெழுத்து மட்டும் இருந்த அந்த அடுத்த பக்கத்தில், "வேட்பாளர் தங்கப்பழம் அவர்களைச் சங்கம் ஒருமனதாக ஆதரிக்கிறது" என்று நான் எழுதினேன். ஒருமனதாக என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதை நானாகத்தான் போட்டேன், அழகாக இருக்கட்டும் என்று. அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சங்கத்துக்காகச் செய்தேன் என்று பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிதான் உண்மை. அவர் வார்டைக் கேட்டபோது ஏழாவது வார்டு என்று பதில் சொன்னேன். அந்தப் போட்டோவும் அதற்காகத்தான் எடுத்தது. ஆசைக்கு வெட்கம் கிடையாது என்பார்கள். ஆசை தீர்ந்த பிறகு வெட்கம் மொத்தமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஏப்ரல் 8

ஜெபமணியின் அம்மா வீட்டுக்குப் போனேன். சின்னவனுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். அவள் என்னை உட்காரவைத்து டீ போட்டுத் தந்தாள். கன்னம் வீங்கியிருக்கிறது. பல்வலி என்றாள்.

வீட்டுக்காரர் கேட்டதற்கு என்ன சொன்னாய் என்று விசாரித்தேன். "போலின்னு செண்பகக்கா சொல்லுதாவன்னு சொன்னேன்" என்றாள். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வேற எதும் சொல்லணுமாக்கா?" என்று கேட்டாள்.

டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

தெருமுனை வரைக்கும்தான் நடந்தேன், பிறகு ஒரு சுவரோரம் நின்று அழுதேன். அழுததுகூட அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13

ஜெபமணி வேலைக்கு வந்தாள். வீட்டுக்கு இன்னும் போகவில்லை. கொட்டகையில் பழையபடி என்னோடு பேசுகிறார்கள், சோறு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் நான் பக்கத்தில் போனால் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஏப்ரல் 20

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று எழுதப் பிடிக்கவில்லை.

மே 4

அழகுசுந்தரம் மறுபடி ஜெயித்துவிட்டார். மூவாயிரம் ஓட்டு வித்தியாசம். தங்கப்பழம் அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் என்ன பேசுவேன்?

கொட்டகையில் கூடிப் பேசினார்கள். எம்.எல்.ஏ.வைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஜூனுக்கு முன்னால் கலெக்டர் முடிவெடுத்துவிடுவார். யார் போவது என்று வந்தபோது நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "செயலாளர் போகாம பின்ன யாரு?" என்றாள் இசக்கி.

மே 6

அதே மூன்று பேர். இந்த முறை உடனே உள்ளே கூப்பிட்டார்கள், உட்காரவும் சொன்னார்கள். மேஜையில் அந்த நோட்டீஸ் இருந்தது.

எம்.எல்.ஏ. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இது நீங்க குடுத்ததாம்மா?" என்று கேட்டார். போலி என்றேன். பக்கத்தில் ஜெபமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் நல்லதாகப் போயிற்று என்றார். உறுப்பினர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, எங்கள் புத்தகத்தைத் திருடிப் பொய்த் தீர்மானம் அச்சடித்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கப்பழத்தின் மேலும் அச்சகத்தின் மேலும் போலீஸில் புகார் கொடுப்பாராம். "அதக் குடுங்க, நான் நாளைக்கே கலெக்டர்ட்ட பேசுதேன். சீருடை உங்களுக்குத்தான்" என்றார்.

அச்சகம் சுடலைமுத்து அண்ணனுடையது. வந்த வேலையை அடித்துக் கொடுத்தவர், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். என் தங்கை கல்யாணப் பத்திரிகை அவர் அடித்துக் கொடுத்ததுதான்.

பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

மே 7

எழுதினேன்.

எழுத மாட்டேன் என்றுதான் காலையில் நினைத்தேன். அறுபத்து மூன்று குடும்பத்தின் சோறு என்று ஒரு பக்கம், சுடலைமுத்து அண்ணன் ஸ்டேஷனில் கைகட்டி நிற்பது ஒரு பக்கம். நிறுத்துப் பார்ப்பதுபோல நானே நடித்துக்கொண்டேன். உண்மையில் நான் நிறுத்துப் பார்த்தது வேறு. இந்தத் தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் என் பொய் எல்லாருடைய பொய்யாகிவிடும், பிறகு யாரும் என்னைக் கேட்க முடியாது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அந்தத் தாளை எழுதும்போது கூசவில்லை. எழுத்து முத்துமுத்தாக வந்தது.

மே 8

தாளை முதல் வரிசையில் கொடுத்தேன். எம்.எல்.ஏ. கேட்ட கடிதம், கையெழுத்துப் போட்டுத் தாங்க என்றேன். வழக்கம்போல் மெஷினுக்கு மெஷின் போகும் என்று நினைத்து, துணிக்கட்டைப் பிரிக்கப் போய்விட்டேன்.

காஜா மெஷின் நின்றது. இசக்கி எழுந்து நின்று தாளை வாசிக்கத் தொடங்கினாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். ஒவ்வொரு மெஷினாக நின்றது. "எங்கள் புத்தகத்தைத் திருடி" என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு தடவை நிறுத்தினாள். பிறகு கடைசி வரை வாசித்து, தாளைப் பக்கத்து மெஷின்காரியிடம் கொடுத்தாள். அவள் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அப்படியே கொட்டகை முழுக்கச் சுற்றி என் கைக்குத் திரும்பி வந்தது. ஒரு கையெழுத்தும் இல்லை.

யாரும் திட்டவில்லை. தாளைக் கட்டிங் மேஜையில் வைத்தேன்.

"நான்தான் எழுதுனேன்" என்றேன். தீர்மானத்தை எழுதியது, கொண்டுபோய்க் கொடுத்தது, வார்டு, போட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபமணியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவள் மெஷினைப் பார்த்துச் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் ஒரு கூச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஜெபமணிதான் பேசினாள்.

"மொத நாளே தெரியும்க்கா. பத்து வருசமா உங்க அளவுச் சீட்டப் பாத்துத்தான தைக்கோம். உங்க எழுத்து எங்களுக்குத் தெரியாதா?"

பின்னே ஏன் ஒருத்தியும் கேட்கவில்லை என்றேன். அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று இப்போது நினைக்கிறேன், அப்போது கேட்டுவிட்டேன்.

"நீங்களா சொல்லுவீயன்னு இருந்தோம்" என்றாள்.

ஏப்ரல் 2 முதல் மே 8 வரை முப்பத்தாறு நாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு நாளும் அவர்கள் எனக்குச் சோறு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். கன்னம் வீங்கிய பெண் டீ போட்டுக் கொடுத்து, வேறு எதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

மே 11

ஜெபமணியும் இசக்கியும் எம்.எல்.ஏ.விடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தார்கள். அதற்கு முன் போவதா வேண்டாமா என்று கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நாற்பத்தொரு கை போவோம் என்றது. இருபத்தொரு பேர், ஜூனில் பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள், அவர்கள் கேட்டதும் நியாயம்தான். நான் கை தூக்கவில்லை.

இரண்டு மணி நேரம் வெளியே நிற்க வைத்தாராம். கேட்டுவிட்டு, உங்கள் செயலாளரை ஜெயிலுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டாராம். அதற்கு இசக்கி, "அனுப்புங்க சார், ஆனா சீருடைய மத்த அறுவத்தி ரெண்டு பேரும் தைப்போம்லா" என்றாளாம். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பாக்கலாம் என்றாராம்.

சுடலைமுத்து அண்ணனிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் மையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். சரி, போ என்றார்.

மே 29

கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சீருடை எங்களுக்கு. ஆறிலிருந்து கம்பெனிக்கு. பாதி வருடத்துக்கு வேலை இருக்கும், பாதி வருடத்துக்கு இருக்காது. பக்கத்துத் தாலுகாச் சங்கம் எல்லா வேட்பாளர்களுக்கும் மனு கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது. அவர்களுக்கு முழு வேலையும் கிடைத்திருக்கிறது. இதை யாரும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை, பேப்பரில் பார்த்தேன்.

சாயங்காலம் பொதுக்குழு. மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். சங்கத்தை விட்டே போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் வேண்டாம், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு ஆள் இல்லை, அதில் உட்காருங்கள் என்றார்கள். செயலாளர் பொறுப்பு இனி ஜெபமணிக்கு. அவளும் பிள்ளைகளும் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள்.

தீர்மானத்தை யார் எழுதுவது என்று ஒரு நிமிடம் தடுமாற்றம். "முடிவு ஆவுற வரைக்கும் நீங்கதான செயலாளர், நீங்கதான் எழுதணும்" என்றாள் இசக்கி. எழுதினேன். "சங்கத்தின் நம்பிக்கையை மீறியதற்காகச் செயலாளர் செண்பகவடிவு பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார்." ஜெபமணி வாசிக்கச் சொன்னாள். எழுந்து நின்று வாசித்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மறுபடியும் வாசித்தேன்.

அதன் பிறகுதான் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து, ஒரு தடவை தானே படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். கடைசிக் கையெழுத்து என்னுடையது.